ஆண் கர்ப்பக் கதைகள்: எதற்காகப் படிக்கிறோம், எவ்வளவு நம்புகிறோம்?

இரவல்பேனா:

ஃபேன்ஃபிக், அதாவது பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதைகள், படிப்பவர்களுக்கு எம்ப்ரெக் என்ற குறிச்சொல் புதிதல்ல. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கதையில் ஓர் ஆண் கருவுறுகிறான், சுமக்கிறான், பெரும்பாலும் பெற்றும் எடுக்கிறான். குழந்தையின் அப்பா இன்னோர் ஆண். மூலக் கதையில் நண்பர்களாகவோ எதிரிகளாகவோ இருந்த இருவரை ரசிகர்கள் காதலர்களாக்கி, அந்தக் காதலுக்கு ஒரு பிள்ளையையும் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் குறிச்சொல்லைக் கண்டாலே தாண்டிப் போய்விடுகிற ஆளாகத்தான் ரொம்ப நாள் இருந்தேன். இப்போது தேடிப் படிக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. எப்படிக் கருவுற்றான் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள், நம்பிவிடுகிறேன். சாபம், மந்திரம், வேற்றுக்கிரகத்து ஆய்வுக்கூடம், எதுவானாலும் சரி. அதற்குப் பிறகு அந்த உடம்புக்கு என்ன ஆகிறது என்பதில் ஏமாற்றினால் மட்டும் கதையை மூடிவிடுவேன்.

சமீபத்தில் படித்த ஒன்றில் நாயகன் ஒரு தளபதி. நான்காம் அத்தியாயத்தில் கருவுறுகிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஏழு மாத வயிற்றோடு கோட்டை மதிலிலிருந்து குதித்து, குதித்த வேகத்தில் ஆறு பேரை வெட்டுகிறான். மூச்சுகூட வாங்கவில்லை. மந்திரக் கர்ப்பத்தை நம்பிய எனக்கு அந்த மதிலை நம்ப முடியவில்லை.

உங்களுக்கு எல்லை எங்கே இருக்கிறது? அதைவிட முக்கியமாக, இது ஏன் பிடிக்கிறது?

கடைசிபெஞ்ச்வாசகி:

மறைக்க முடியாது. அதனால்தான் பிடிக்கிறது.

நாம் யாரை வைத்து ஃபேன்ஃபிக் எழுதுகிறோம் என்று பாருங்கள். குண்டு பட்டாலும் "ஒன்றுமில்லை" என்பவன். அம்மா செத்துப்போனாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பவன். மனதில் இருப்பதைச் சொல்ல ஐந்து சீசன் எடுத்துக்கொண்டு, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுபவன். இவனைப் பேச வைக்க எழுதுபவர்கள் என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். காய்ச்சல், பனிப்புயல், ஒரே கட்டில் உள்ள விடுதி அறை, நினைவிழப்பு. எல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். காய்ச்சல் விட்டதும் பழையபடி கல்லாகிவிடுவான். கர்ப்பம் அப்படி விட்டுப்போகாது, மாதத்துக்கு மாதம் ஏறும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. அவன் மறைக்கப் பார்க்கிற ஒவ்வொரு காட்சியையும் ரசித்துப் படிப்பேன்.

அப்புறம், கெடு. இத்தனை மாதத்துக்குள் இருவரும் பேசித் தீர்த்தாக வேண்டும் என்று கதைக்கு ஒரு நாள் குறித்தாகிவிடுகிறது. இருவரில் ஒருவன் பொறுப்பைக் கண்டால் ஓடுகிறவன் என்றால் இன்னும் நல்லது.

விதண்டாவாதி:

குழந்தைதான் வேண்டும் என்றால் தத்தெடுக்க வைக்கலாம். கர்ப்பம்தான் வேண்டும் என்றால் பெண்ணைப் பற்றி எழுதலாம். கொண்டுபோய் ஆணின் வயிற்றில் வைப்பது எதற்கு? உடற்கூறும் கெட்டு, பெண் பாத்திரங்களும் கதையை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். வம்புக்கு இழுக்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

கடைசிபெஞ்ச்வாசகி:

பெண்களை வெளியே அனுப்பியது பெரும்பாலும் மூலக் கதைதான் சகோ. இரண்டு ஆண்களுக்கு முழு வாழ்க்கை எழுதி வைத்திருப்பார்கள். பெண் வந்தால் மூன்றாம் எபிசோடில் செத்துப்போவாள், நாயகன் பழிவாங்கக் கிளம்புவதற்காக. நன்றாக எழுதப்பட்ட பாத்திரங்கள் பின்னால்தான் ரசிகர்கள் போவார்கள். ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. எம்ப்ரெக் கதைகளில் மிஞ்சுகிற பெண்கள் பொறாமை பிடித்த முன்னாள் காதலியாகவோ மருத்துவச்சியாகவோ மட்டும் வருவது எனக்கும் எரிச்சல்தான்.

பெண்ணைப் பற்றி எழுதலாமே என்கிறீர்கள். எழுதுகிறோம். ஆனால் பெண் கருவுற்றால் கதைக்குள் யாருக்கும் அது ஆச்சரியமில்லை. ஒரு காட்சியில் வாந்தி எடுப்பாள், அடுத்த காட்சியில் எல்லோரும் சிரிப்பார்கள், அதற்கடுத்த காட்சியில் குழந்தை அழும். நடுவில் அவள் பட்டதெல்லாம் இயல்பு என்ற கணக்கில் கரைந்துபோகும். அதையே ஒரு தளபதிக்குக் கொடுத்துப் பாருங்கள். கால் வீங்குவது செய்தியாகிறது. ராத்திரி திரும்பிப் படுக்க முடியாதது செய்தியாகிறது. முன்பின் தெரியாத ஆள் உரிமையோடு வயிற்றில் கை வைத்தால், அவன் அந்தக் கையை முறுக்குவான், நாம் கைதட்டுவோம். எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தங்கள் உடம்பைப் பற்றிக் கோபமாகப் பேச, தங்களுடையதல்லாத ஓர் உடம்பை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தூரம் இருந்தால்தான் சில விஷயங்கள் வாயில் வருகின்றன.

ஒற்றைவரி:

எனக்கு வில்லன் கருவுற வேண்டும், அவ்வளவுதான். எட்டு மாத வயிற்றோடு உலகத்தை ஆள நினைப்பவன், போர்த்திட்டம் நடக்கும்போதே நாற்காலியில் தூங்கிவிடுபவன். எழுப்ப அடியாட்களுக்குப் பயம். தத்துவம் எல்லாம் அப்புறம் பேசுங்கள்.

பிரசவவார்டு:

மகப்பேறு பிரிவில் செவிலியர் நான். இந்தக் கதைகளைப் படிப்பேன் என்று உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஆணுக்குக் கருப்பை இல்லை, அதோடு பேச்சு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கருப்பைக்கு வெளியேயும் கரு வளர்ந்திருக்கிறது. கரு வழிதவறி வயிற்றறைக்குள் போய், குடலின் மேலோ கருப்பையின் வெளிப்புறத்திலோ ஒட்டிக்கொள்வது உண்டு. மிக அரிது, மிக ஆபத்து. தெரிந்த உடனே அறுவை செய்து எடுத்துவிடுவதுதான் வழக்கம். ஆனாலும் சில குழந்தைகள் நிறைமாதம் வரை வளர்ந்து உயிரோடு எடுக்கப்பட்டிருக்கின்றன. 1979-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், கருப்பையை முன்பே அகற்றிவிட்ட ஒரு பெண்ணுக்கே இப்படிக் குழந்தை பிறந்தது. இதே தர்க்கத்தில், ஆணின் வயிற்றறையில் கருவை வைத்து வளர்ப்பது கோட்பாட்டளவில் முடியும் என்று பிரிட்டனின் கருத்தரிப்பு மருத்துவர் ராபர்ட் வின்ஸ்டன் 1999-இல் சொன்னார். உயிருக்கு ஆபத்து என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், நஞ்சுக்கொடியில். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. பிரசவமானதும் நஞ்சுக்கொடி கழன்று வரும். அந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களைக் கருப்பைத் தசை சுருங்கி நெரித்து மூடிவிடும். நாங்கள் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்ப்பது கருப்பை கெட்டியாகச் சுருங்கிவிட்டதா என்பதைத்தான். குடலுக்கும் கல்லீரலுக்கும் அப்படிச் சுருங்கத் தெரியாது. அங்கே ஒட்டிய நஞ்சுக்கொடியைப் பிய்த்தால் ரத்தத்தை நிறுத்த முடியாது. அதனால் பல சமயம் குழந்தையை மட்டும் எடுத்துவிட்டு, நஞ்சுக்கொடியை உள்ளேயே விட்டுத் தைத்துவிடுவார்கள். அது உடம்புக்குள் மெல்லக் கரைய மாதக்கணக்காகும், சீழ் பிடிக்கவும் செய்யும். இதைப் பயன்படுத்திய எம்ப்ரெக் கதை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், பெற்றவன் உடம்புக்குள் மட்டும் பிரசவம் இன்னும் முடியவில்லை. எவ்வளவு பெரிய காட்சி அது!

ஹார்மோன் நீங்கள் நினைக்கிற அளவு பெரிய தடையில்லை. சினைப்பை வேலை செய்யாத பெண்கள் தானமாக வந்த முட்டையில் உருவான கருவைச் சுமக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வெளியிலிருந்து கொடுக்கிறோம். ஏறத்தாழ பத்து வாரத்தில் நஞ்சுக்கொடியே அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

கருப்பையையே பொருத்தினால் என்ன? 2014-இல் ஸ்வீடனில் மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழுவினர் கருப்பை மாற்று அறுவை செய்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, இந்த வகையில் உலகிலேயே முதல் குழந்தை. 2017-இல் பிரேசிலில் இறந்தவரிடமிருந்து எடுத்துப் பொருத்திய கருப்பையிலும் ஒரு குழந்தை பிறந்தது. புதிய கருப்பையை, இடுப்பு வழியாகக் காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களோடு இணைக்கிறார்கள். அந்தக் குழாய்கள் ஆணுக்கும் இருக்கின்றன. ஆனால் கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும் தசைநார்கள் ஆணுக்கு இல்லை, கருப்பையின் கழிவு வெளியேற வழி இல்லை, இடுப்பெலும்பின் வாய் குறுகல். எனவே சிசேரியன்தான். உடல் புதிய உறுப்பை ஒதுக்காமல் இருக்க நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து தினமும் வேண்டும். அந்த மருந்தை ஆயுள் முழுக்கச் சாப்பிடுவது நல்லதல்ல என்பதால், ஒன்றிரண்டு பிரசவத்துக்குப் பிறகு கருப்பையைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். இன்னொரு விஷயம் கதை எழுதுபவர்களுக்கு: நரம்புகளை இணைப்பதில்லை. அதனால் கருப்பை சுருங்குகிற வலி தெரியாது. "வலியில் துடித்தான்" என்று எழுதுமுன் யோசியுங்கள்.

விதண்டாவாதி:

அப்படியானால் நடக்கக்கூடியது என்கிறீர்களா?

பிரசவவார்டு:

எலிக்கு நடந்தது, அதுவும் கொடூரமாக. 2021-இல் ஷாங்காயில் ஆய்வாளர்கள், காயடித்த ஆண் எலியையும் பெண் எலியையும் உடலோடு உடல் சேர்த்துத் தைத்தார்கள், இரண்டுக்கும் ரத்தம் பொதுவாக ஓடும்படி. பிறகு ஆணுக்குக் கருப்பை பொருத்தி, இரண்டுக்கும் கரு வைத்தார்கள். ஆண் எலிகளிடமிருந்து 10 குட்டிகள் சிசேரியனில் உயிரோடு வந்தன. ஆண்களுக்குள் வைத்த கருக்களில் நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை. ஒட்டியிருந்த பெண் எலியும் சினையாக இருந்தபோது மட்டுமே ஆணுக்குள் கரு தங்கியது. சினையான பெண்ணின் ரத்தம் வந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மனிதருக்கு இதை யாரும் செய்யப்போவதில்லை, செய்யவும் கூடாது.

இரவல்பேனா:

செய்யக் கூடாததுதான். ஆனால் இதைப் படித்ததும் எனக்கு ஒரு கதை தெரிகிறது. சுமப்பவன் உயிரோடு இருக்க, இன்னொருவர் ரத்தத்தால் அவனோடு ஒட்டியே இருக்க வேண்டும். விலகினால் குழந்தை போய்விடும். பிரியத் துடிக்கிற இரண்டு எதிரிகளுக்கு இப்படி நேர்ந்தால்? இங்கே அறிவியல் கதைக்குக் கைகொடுப்பது "இது நடக்கும்" என்று சான்றிதழ் தருவதால் அல்ல. என்ன விலை கொடுக்க வேண்டும் என்று காட்டுவதால்.

ஏட்டுச்சுவடி:

இரவல்பேனா சொல்வதை மகாபாரதத்திலேயே பார்க்கலாம்.

யுவனாஸ்வன் என்ற அரசனுக்குப் பிள்ளையில்லை. அவன் மனைவி குடிப்பதற்காக முனிவர்கள் மந்திரித்த நீரைக் குடத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். ராத்திரி தாகத்தில் வந்த அரசன் அதைக் குடித்துவிடுகிறான். எப்படிக் கருவுற்றான் என்பதற்கு அவ்வளவுதான் விளக்கம், ஒரு குடம் தண்ணீர். நூறு வருடம் கழித்து அவன் இடது விலாவைப் பிளந்துகொண்டு மாந்தாதா பிறக்கிறான். அரசன் சாகவில்லை, அது அதிசயம் என்று கதையே நின்று சொல்கிறது. அதாவது செத்திருக்க வேண்டியவன் என்பது சொல்பவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்து தேவர்கள் கேட்கிற கேள்விதான் எனக்கு முக்கியம்: இந்தக் குழந்தை எதைக் குடிக்கும்? இந்திரன் தன் விரலைச் சப்பக் கொடுக்கிறான். பெற்றவனிடம் பால் இல்லை என்பதைக் கதை மறக்கவில்லை பாருங்கள். நம் ஃபேன்ஃபிக்குகளில் பாதி மறந்துவிடுகின்றன. குழந்தை பிறந்ததும் நேரே ஐந்து வயதுப் பிறந்தநாளுக்குத் தாவிவிடுகிறார்கள்.

அதே மகாபாரதத்தில் கிருஷ்ணனின் மகன் சாம்பன் கதையும் இருக்கிறது. யாதவ இளைஞர்கள் அவனுக்குக் கர்ப்பிணி வேஷம் போட்டு, என்ன குழந்தை பிறக்கும் என்று முனிவர்களிடம் கேட்டுக் கேலி செய்கிறார்கள். குலத்தை அழிக்க இரும்பு உலக்கை பிறக்கும் என்று சாபம். பிறக்கிறது. பொடியாக்கிக் கடலில் போட்டும் தப்ப முடியவில்லை, குலமே அழிகிறது. ஆண் கர்ப்பம் என்றாலே சிரிப்புக் காட்சி என்று நினைப்பவர்கள் அந்த இளைஞர்களை நினைத்துக்கொள்ளலாம்.

உப்புத்தண்ணீர்:

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது கடல்குதிரையை இழுத்து வருவார்கள். இன்று என் முறை.

பெண் கடல்குதிரை முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இடும். ஆண் அங்கேயே கருவாக்கும். அது வெறும் பையும் அல்ல. உள்சுவர் தடித்து, ரத்தக் குழாய்கள் பெருகி, குஞ்சுகளுக்கு ஆக்சிஜனும் ஓரளவு சத்தும் போகிறது. உள்ளே இருக்கும் உப்பின் அளவைக்கூட ஆண் சரிசெய்கிறது. சில வாரங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை, சில இனங்களில் ஆயிரத்துக்கும் மேல், தசையை இறுக்கி இறுக்கி வெளியே தள்ளும். அதோடு சரி. குஞ்சுகள் தங்கள் வழியே போகும், அப்பா அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். கடல்குதிரையை முன்னுதாரணமாகக் காட்டிவிட்டு, பாசக்கார அப்பாவை எழுதுகிறவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைப் படிப்பதில்லை!

எனக்குச் சுவாரசியம் கடல்குதிரையின் உறவுக்காரர்களில்தான். அதே குடும்பத்தில், குழல் போல நீண்ட வாயுள்ள மெலிந்த மீன்கள் உண்டு. அங்கும் சுமப்பது ஆண். சில இனங்களில் ஆணின் பையில் இடம் குறைவு என்பதால் பெண்கள்தான் போட்டி போட்டு, வண்ணம் காட்டி, ஆணைக் கவர்கின்றன. மெக்சிகோ வளைகுடாவில் வாழும் ஒரு வகையை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். பெரிய பெண்ணோடு சேர்ந்த ஆணின் பையில் அதிகக் கரு பிழைத்தது. சிறிய பெண்ணின் கருக்களுக்கு ஆண் குறைவாகவே செலவழித்தது. அப்பாவின் வயிற்றுக்குள்ளேயே ஒரு கணக்குவழக்கு ஓடுகிறது. ஆண்கள் சுமக்கிற உலகத்தை உருவாக்குகிறவர்கள் ஏன் நம் சமூகத்தையே அப்படியே எடுத்து, வயிற்றை மட்டும் இடம் மாற்றி வைக்கிறார்கள்? சுமப்பவன் கிடைப்பதற்கு அரிது என்றால் யார் யாரைத் துரத்துவார்கள் என்பதே மாறிவிடுமே.

ஏயூஅடிமை:

அந்தக் கேள்விக்கு ஒமேகாவர்ஸ் என்ற கதையுலகத்திடம் ஒரு பதில் இருக்கிறது, நல்ல பதிலா என்பது வேறு.

பின்னணி தெரியாதவர்களுக்கு: இரண்டு ஆண்களைச் சேர்த்து எழுதும் மரபு 1970-களில் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்கள் அச்சடித்துச் சுற்றுக்கு விட்ட இதழ்களில் வளர்ந்தது. அதில் கர்ப்பம் வந்தால் ஒவ்வொரு கதையும் தனித்தனியாகக் காரணம் தேட வேண்டியிருந்தது. 2010 வாக்கில் சூப்பர்நேச்சுரல் தொடரின் ரசிகர்களிடையே ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்ற அமைப்பு உருவாகி எல்லா ரசிகர் கூட்டங்களுக்கும் பரவியது, அதுதான் ஒமேகாவர்ஸ். ஆண் பெண் என்ற பிரிவுக்கு மேலே இன்னொரு பிரிவு. ஒமேகா என்றால் ஆணாக இருந்தாலும் கருவுறலாம். இது வந்ததும் "எப்படி" என்ற கேள்வியே போய்விட்டது. அந்த உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் என்பதால் யாரும் விளக்குவதில்லை. மிச்சமான பக்கங்களில் சட்டம், வாரிசுரிமை, வேலைக்கு எடுக்கும்போது ஒமேகாவா என்று கேட்பது, கருவுறாமல் இருக்க மாத்திரை வாங்குவது, இதெல்லாம் வந்தது. நல்லவர்கள் கையில் இது கூர்மையான சமூகக் கதை.

மோசமானவர்கள் கையில்? ஒமேகா என்றால் அழகன், பலவீனன், பிறவியிலேயே அடங்கிப்போகிறவன். ஆல்ஃபா உறுமுவான், உரிமை கொண்டாடுவான். பெண்ணின் மேல் எழுதினால் இந்தக் காலத்தில் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்து, அதையே ஆணின் மேல் எழுதிவிட்டு, உடற்கூறு அப்படி என்று சாக்குச் சொல்வது. அதை விரும்பிப் படிப்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், எனக்கும் சில பிடிக்கும். இயற்கை விதித்தது என்று கதையே வாதாட ஆரம்பித்தால்தான் எழுந்து போய்விடுவேன்.

ஆறாம்விரல்:

இவ்வளவு நேரம் பேசியும் ஒருவரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆண்கள் கருவுறுகிறார்கள். பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகள் பலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். 2008-இல் அமெரிக்காவில் ஒருவர் கர்ப்பிணி ஆணாகத் தொலைக்காட்சியில் வந்தபோது உலகம் முழுக்கப் பேசியது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதை நிறுத்தினால் பலருக்கு மாதவிலக்கு திரும்பும், கருவுறவும் முடியும். அதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே கருவுற்றவர்களும் உண்டு, அது கருத்தடை மருந்து அல்ல. இதில் எலியும் தேவையில்லை, மந்திரக் குடமும் தேவையில்லை.

பிரசவவார்டு கருப்பை மாற்று பற்றிச் சொன்னார். அந்த முதல் குழந்தை பிறந்த ஸ்வீடனில், அதற்கு முந்தைய வருடம், 2013 வரை, பாலினத்தைச் சட்டப்படி மாற்றிப் பதிய வேண்டுமானால் மலடாக்கிக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. கருவுற்ற ஆண் சட்டத்துக்கு முன் இருக்கவே கூடாது என்பதற்காக. இதெல்லாம் உங்கள் நம்பகத்தன்மைக் கணக்கில் எங்கே வருகிறது?

நான் எம்ப்ரெக் படிப்பதற்கு ஒரே காரணம்தான். நல்ல கதையில், வயிறு எவ்வளவு பெரிதானாலும் கதைசொல்லி அவனை ஆண் என்பதிலிருந்து இறக்குவதில்லை. யாரும் அவனிடம் நிரூபிக்கச் சொல்வதில்லை. வெளியே கிடைக்காத அந்த நிம்மதிக்காகப் படிக்கிறேன். அதே காரணத்தால், ஐந்தாம் அத்தியாயத்தில் கருவுற்றவன் ஆறாம் அத்தியாயத்திலிருந்து குரல் மெலிந்து, எதற்கெடுத்தாலும் அழுது, தொட்டிலுக்குத் துணி தைக்க உட்கார்ந்துவிட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. நேற்று வரை அவனுக்கு இருந்த கெட்ட வாயும் குறுக்குப் புத்தியும் எங்கே போயின? கருப்பை வந்தால் குணம் போய்விடுமா?

விதண்டாவாதி:

இதற்கு மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு கேள்வி மட்டும். அப்படியென்றால் திருநம்பிப் பாத்திரங்களையே எழுதிவிடலாமே? ஏன் இன்னும் சாபமும் மந்திரமும்?

ஆறாம்விரல்:

எழுதுகிறார்கள், நிறையவே. ஆனால் எல்லோரும் அதை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கண்விழித்துப் பார்த்தால் உடம்பு மாறியிருக்கிறது என்பது வேறு கதை, வேறு பயம். விரும்பாமல் வந்த கர்ப்பத்தின் பயத்தை அது நன்றாகவே பிடிக்கும். நான் கேட்பது, "நிஜத்தில் நடக்காத விஷயம்தானே" என்று குறிப்பெழுதாதீர்கள் என்பது மட்டும்.

கடைசிபெஞ்ச்வாசகி:

விரும்பாத கர்ப்பம் என்றதும் இன்னொன்று. கருவைக் கலைக்கலாமா என்ற பேச்சே வராத எம்ப்ரெக் கதைகள்தான் அதிகம். போர்க்களத்தில் இருக்கும் ஒருவனுக்கு, விருப்பமில்லாமல், உயிருக்கு ஆபத்தான ஒன்று நேர்கிறது. ஒரு நிமிடமாவது அந்த நினைப்பு வராதா? கடைசியில் வைத்துக்கொள்ளட்டும், அது அவன் முடிவு. முடிவெடுக்கிற காட்சியை எழுதாமல் தாண்டினால் அது முடிவே இல்லை.

மழைவரைவு:

எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையில் நாயகன் வாள்வீரன். எதிரி நாட்டு மந்திரவாதியோடு காதல். போரை நிறுத்தும் சடங்கு ஒன்று தப்பிப்போய்க் கருவுறுகிறான். சடங்கு எப்படி வேலை செய்கிறது என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமா, வேண்டாமா?

இரவல்பேனா:

மூன்று பக்கத்தை மூன்று வரியாக்குங்கள் தோழி. சடங்கு தப்பியது, அவன் உடம்புக்குள் ஒன்று வேர்பிடித்தது, மந்திரவாதிக்கே அது புரியவில்லை. போதும். காதலனுக்கே புரியவில்லை என்பது விளக்கத்தைவிட அதிகப் பயம் தரும். மிச்சமாகும் பக்கங்களில், படைத்தலைவரிடம் அவன் எப்படிச் சொல்கிறான் என்று எழுதுங்கள். பிள்ளை எந்த நாட்டுக்கு வாரிசு என்று இரண்டு அரசுகளும் கேட்குமே, அதையும்.

ஒற்றைவரி:

மந்திரவாதிக்கு வாந்தி வரட்டும், வாள்வீரனுக்கு வராமல் இருக்கட்டும்.

பிரசவவார்டு:

சிரிக்காதீர்கள், அதற்கும் இடமுண்டு. மனைவி கருவுற்றிருக்கும்போது குமட்டல், வயிற்றுவலி, எடை கூடுவது என்று அவதிப்படுகிற கணவர்கள் உண்டு. மருத்துவத்தில் அதற்குக் குவாட் என்று பெயர்.

மழைவரைவுக்கு ஒரு உபரித் தகவல். குழந்தையின் செல்கள் நஞ்சுக்கொடி வழியாகச் சுமப்பவரின் ரத்தத்தில் கலந்து, பிரசவத்துக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிடும். ஆண் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் ரத்தத்தில், 27 வருடம் கழித்தும் ஆண் செல்களைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் கதையில் பாதி எதிரி நாட்டு மந்திர ரத்தம் அல்லவா அந்தக் குழந்தை? பெற்ற பிறகு வாள்வீரனுக்குள் என்ன தங்கும் என்று யோசியுங்கள்.

மழைவரைவு:

ஐயோ, இரண்டாம் பாகமே கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று அக்கா. பத்தாம் அத்தியாயத்தில் அவனுக்கு ஐந்தாம் மாதம். ஒரு வாள்சண்டை கட்டாயம் வேண்டும், கதை அங்கேதான் திரும்புகிறது. முடியுமா?

பிரசவவார்டு:

ஐந்தாம் மாதம் என்றால் கருப்பை தொப்புள் உயரத்துக்கு வந்திருக்கும். உடம்பில் ரத்தம் கூடியிருக்கும், இதயம் வழக்கத்தைவிட வேகமாக ஓடும், சீக்கிரம் மூச்சு வாங்கும். மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர ஆரம்பித்திருக்கும். எடை முன்பக்கம் சாய்வதால் பழைய கால்வைப்பு அவனை ஏமாற்றும். கையில் பலம் குறையாது, திரும்பும்போதுதான் தடுமாறுவான். விழுந்தால் நஞ்சுக்கொடி பிய்ந்துவிடலாம், அது அவனுக்குத் தெரிந்திருந்தால் விழாமல் இருக்கவே பாதிக் கவனம் போகும். அந்த மாதத்தில்தான் குழந்தையின் அசைவு முதன்முதலாகத் தெரியும், அதையும் சண்டைக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

சண்டை போடட்டும். ஜெயிக்கட்டும். மதிலிலிருந்து மட்டும் குதிக்க வேண்டாம்.